மூன்றில் ஒன்று

செவ்வாய் மாலை ஆறுக்கு வருவான் சேந்தன்.
அடுத்த செவ்வாய் அதே ஆறுக்குக் கிளம்புவான்.
பிறகு பதினான்கு நாள்
நியூமனுக்கு அப்பால் ஒரு சிவந்த குழியில்
அவனும் இரும்புத்தாது சுமக்கும் லாரிகளும்;
பெர்த்தில், கேனிங்டன் வீட்டில்,
நானும் ஃப்ரிட்ஜில் ஒட்டிய காலண்டரும்.
ஏழு கட்டம் ஆரஞ்சு. பதினான்கு வெறுமை.
மூன்றாவது வருடம் இது.

நேற்றிரவு நாற்பத்து மூன்று விடைத்தாள் திருத்தினேன்.
நான்காம் கேள்வி நான் எழுதியது:
இருபத்தொரு அலகுக்கு ஒருமுறை மீளும் துடிப்பு,
ஏழு அலகு உயரம் ஒன்று, மீதி பூஜ்யம்.
ஃபூரியர் கெழுக்களைக் காண்க.
சராசரித் திறனைக் காண்க.
எண்களை எங்கிருந்து எடுத்தேன் என்று
ஒருவரும் கேட்கவில்லை.

பூஜ்யத்தை எங்கே வைப்பது
என்பதில் இருக்கிறது பாதி வேலை.
வாசல் மணி அடிக்கிற நொடியில் வைத்தால்
சைனும் கொசைனும் சேர்ந்து வந்து கழுத்தறுக்கும்.
சனிக்கிழமை காலை ஆறில் வை.
அவன் தூங்குகிறான், வாய் லேசாகத் திறந்து,
குளித்தும் போகாத செம்மண் காதுமடலில்.
வந்ததற்கும் போவதற்கும் சரிநடு.
இருபுறமும் ஒன்றுபோல் இருக்க
சைன்கள் அத்தனையும் செத்து விழும்.

முதலில் சராசரி: மூன்றில் ஒன்று.
இதற்குத் தொகையீடு தேவையில்லை,
வேலிக்கு மேலே மரீன் சொன்னதுதான்:
"உனக்கு மூன்றில் ஒரு புருஷன்.
எனக்கு முழுசாக ஒன்று இருந்தது, தாங்கவில்லை."

பிறகு அலைகள்.
ஒன்றாவது பெரியது,
இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும்.
இரண்டாவதற்கு அதில் பாதி உயரம், கால்வாசித் திறன்.
மூன்றாவது பூஜ்யம்.
திரும்பப் போட்டுப் பார்த்தேன். பூஜ்யம்தான்.
ஏழு நாளுக்கு ஒருமுறை வரவேண்டிய அலை அது,
அதாவது வாரம்.
எங்கள் வீட்டில் ஞாயிறு ஏன் ஞாயிறாக இல்லை என்பது
இப்படித்தான் எனக்குத் தெரியவந்தது.

ஹெலனா ப்ரெஸ்காட் கெழுக்களை
வர்க்கமாக்காமல் கூட்டியிருந்தாள்.
நான்காவதும் ஐந்தாவதும் எதிர்க்குறி;
இருந்ததை அவை தின்றுவிட்டன.
சிவப்பு மையில் எழுதினேன்: வர்க்கம் எங்கே?
திறனுக்குக் குறி தெரியாது, பெண்ணே.
ஜூன் மாதம் ஒரு ராத்திரி
நான் போனைப் பாதியில் வைத்தேனே,
அவனும் திரும்பக் கூப்பிடவில்லையே,
அதுவும் கூட்டலில்தான் சேரும்.

மொத்தத் திறன் மூன்றில் ஒன்று.
அதில் சராசரிக்கு உரியது ஒன்பதில் ஒன்று.
மீதி ஒன்பதில் இரண்டு அலைகளுடையது.
இருப்பதில் அல்ல,
வந்து போவதில் கிடக்கிறது
எங்கள் வலுவில் இரண்டு பங்கு.
இதை மரீனிடம் சொல்லமாட்டேன்.

ஓரங்கள் மட்டும் சரியாவதில்லை.
நூறு அலை சேர், ஆயிரம் சேர்,
குதிக்கிற இடத்தில் தொடர் எல்லை தாண்டும்,
நூற்றில் ஒன்பது, குறையவே குறையாது.
செவ்வாய்க்கிழமைகளில் ஐந்து கறி வைக்கிறேன்.
அவன் தேவைக்கு மேல் சத்தமாகச் சிரிக்கிறான்.
எட்டு மணிக்குள்
பாத்திரம் அடுக்கும் விதம் பற்றிச் சண்டை.
சரியாக ஆறுக்கு, கதவு திறக்கும் அந்தப் புள்ளியில்,
தொடர் தரும் விடை: பாதி.
ஒரு பூட்ஸ் உள்ளே, ஒரு பூட்ஸ் வெளியே.

முப்பத்தெட்டாவது தாளில் இருந்தபோது செய்தி வந்தது.
அடுத்த மாதத்திலிருந்து
எட்டு நாள் அங்கே, ஆறு நாள் இங்கே.
"சந்தோஷமா?" என்று கேட்டிருந்தான்.

பதில் போடாமல் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
பதினான்கில் ஆறு. சராசரி ஏழில் மூன்று.
வந்து போவதன் பங்கு கொஞ்சம் சுருங்கும்.
ஏழு நாள் அலை இப்போது இரண்டாவது;
பூஜ்யம் இல்லை.
வாரம் திரும்பி வருகிறது,
அதை என்ன செய்வதென்று எனக்கு மறந்துவிட்டது.

அது யாருடைய தாள் என்று அப்புறம்தான் பார்த்தேன்.
அடித்துவிட்டு மன்னிப்பு எழுதினேன்.
ஹெலனாவுக்குப் பத்தில் ஆறு.
சேந்தனுக்கு இன்னும் பதில் போடவில்லை.
ஆரஞ்சுப் பேனாவில் மை இருக்கிறதா என்று
உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தேன்.